பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஆற்றுச் சப்பாத்து

போன வாரம் ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: "அங்கிள், செமினி மேல்பக்கம் ஆத்துல இறங்கி ஃபிளை ஃபிஷிங் செய்யணும். எந்தச் சப்பாத்து வாங்கலாம்? பார்க்கப் பார்க்கத் தலை சுத்துது." தலை சுற்றத்தான் செய்யும். இன்று கடைக்குள் போனால் காலணியின் அடிப்பாகத்திலேயே பத்து வகை இருக்கிறது. பதிலை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நான் கற்றுக்கொண்டது 1989 சீனப் புத்தாண்டு விடுமுறையில், பாதி ஆற்றில் நின்றபடி. அதனால் பயணத்தையே சொல்லிவிடுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சீனப் புத்தாண்டு என்றால், எனக்கு அப்போதுதான் விடுமுறை. கிள்ளானில் என்னுடையது கார்ப்பெட், பாய், லினோலியம் கடை. பந்திங் பக்கத்து எஸ்டேட்டுகளில் சைக்கிளில் பாய் கட்டி விற்று ஆரம்பித்த வியாபாரம். ஹரிராயாவுக்கும் தீபாவளிக்கும் முன்னால் மூச்சு விட நேரம் இருக்காது. சீனப் புத்தாண்டுக்கு மட்டும் மொத்த வியாபாரிகளும் லோரிக்காரர்களும் சேர்ந்து அடைத்துவிடுவார்கள், நானும் அடைத்துவிடுவேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். மழை குறைந்த காலம், ஆற்றில் தண்ணீர் தெளிவாக இருக்கும். இந்தத் தேதிக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும், குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இதில் புழு கிடையாது. இறகும் நூலும் கட்டிய பொய்ப் பூச்சி ஒன்று முள்ளில் இருக்கும். அதற்கு எடை இல்லாததால், கனமான கயிற்றைக் கம்பால் முன்னும் பின்னும் வீசித்தான் தண்ணீரில் போட முடியும். பின்னால் மரம் இருந்தால் கயிறு மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆற்றுக்குள் இறங்கி நின்றுதான் வீச வேண்டும். காலுக்குக் கீழே பாசி பிடித்த உருண்டைக் கல். சப்பாத்து விஷயம் இங்கேதான் உயிர் விஷயம் ஆகிறது.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் பக்கத்து வீட்டு செல்வா. ரயில்வே அலுவலகத்தில் வேலை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் திடலில் புல்லின் மேல் கயிறு வீசிப் பழகிக்கொண்டிருப்பார். போகிறவர்கள் எல்லாம் "அங்கிள், இன்னிக்கு எத்தனை மீனு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாவது வாரம் நானும் கம்போடு நின்றேன்.

1986இல் முதல் முறை ஆற்றில் இறங்கியபோது நான் போட்டிருந்தது பந்து விளையாடும் சப்பாத்து. அடியில் குமிழ் இருக்கிறதே, கடித்துப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். மண்ணைக் கடிக்கும், சரி. கல்லை எப்படிக் கடிக்கும்? நாலாவது அடியில் துருவின ஐஸ் கச்சாங் மேல் நின்ற மாதிரி ஆகி, கணுக்கால் உடைந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. அந்த மூன்று மாதமும் என் மனைவி கமலம் தினம் பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்க் கடையை நடத்தினாள். என்னைவிட நன்றாகவே நடத்தினாள் என்று இன்றுவரை கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

கட்டு அவிழ்த்த அன்று அவள் சொன்னாள்: "இன்னொரு தடவ ஆத்துல விழுந்தீங்கன்னா அதோட முடிஞ்சது. கம்பு, ரீலு எல்லாத்தையும் செல்வா அண்ணனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் மீனு வேணும்னா பாசாருக்குப் போய் வாங்கிக்கலாம்."

நான் "சரி" என்றேன்.

வியாபாரத்தில் சரி என்று சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது. பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே விலைதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. ஆக, நான் ஆற்றில் நிற்பதும் நிற்காததும் இனி சப்பாத்தின் கையில்.

அதனால் இந்த முறை ஒழுங்காகத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். கார்ப்பெட் வாங்கப் போகும்போது ஃபேக்டரிக்காரன் பேச்சைக் கேட்க மாட்டேன், கையால் தேய்த்துப் பார்ப்பேன். அதே முறைதான். செல்வாவிடம் சொல்லி ஆற்றிலிருந்து பாசி பிடித்த கல் ஒன்றைக் கொண்டுவரச் செய்தேன். பெயின்ட் டின்னில் தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் போட்டுக்கொண்டு, சௌக்கிட்டில் உள்ள ஒரு சப்பாத்துக் கடைக்குப் போனேன்.

கடைத் தவுக்கே, சீன முதலாளி, டின்னை எட்டிப் பார்த்தார். "பாஸ், இது என்னா? நான் சப்பாத்து விக்கிறேன், மீன் கடை இல்ல லா."

"உன் சப்பாத்து இந்தக் கல்லு மேல நின்னா வாங்கிக்கிறேன்."

அவரும் வியாபாரி. உடனே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கல்லை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலில் பட்டாளத்துக்காரர்கள் போடும் கேன்வாஸ் பூட்ஸ். கணுக்காலுக்கு நல்ல பிடி, தண்ணீர் வடிய ஓரத்தில் ஓட்டை உண்டு. ஆனால் அடிப்பாகம் கெட்டி ரப்பர், கல்லில் சர்ரென்று போனது. அடுத்து, தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, விலை நாலு வெள்ளி. சேற்றில் ராஜா. காட்டுப் பாதையில் ராஜா. பாசிக் கல்லில் மட்டும் சில நேரம் நின்றது, சில நேரம் போனது. கமலம் கூட வந்திருந்தாள். பந்திங்கில் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். "எனக்கு இதுவே போதும். சின்ன வயசுல இதைப் போட்டுட்டு ஓடாத ஓட்டமா?" என்று ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தவுக்கே கடைசியில் கையை விரித்துவிட்டார். "பாஸ், இந்தக் கல்லு மேல நிக்கிற சப்பாத்து மலேசியாவுல இல்ல. நீ வேணா கல்லை மாத்து லா."

செல்வாதான் வழி சொன்னார். வெள்ளைக்காரர்கள் ஆற்றில் போடும் பூட்ஸுக்கு அடியில் ரப்பர் கிடையாதாம், ஃபெல்ட்டாம். கம்பளியை அமுக்கிச் செய்த கெட்டியான துணி. அது பாசியின் சின்னச் சின்ன இடுக்குகளில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும் என்றார். அவருடைய தங்கை கணவர் லண்டனிலிருந்து லீவில் வந்தபோது ஒரு ஜோடி வாங்கி வந்தார். முன்னூற்று இருபது வெள்ளி ஆனது. அந்தக் காசில் வீட்டு வரவேற்பறைக்கு மூலைக்கு மூலை கார்ப்பெட் போடலாம். மனசு வலிக்க வலிக்கத்தான் கொடுத்தேன்.

குளியலறையில் அந்தக் கல்லின் மேல் நின்று பார்த்தேன். பல்லி சுவரில் நிற்கிற மாதிரி நின்றேன். கமலமும் வந்து என்னைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. "பரவால்ல, நல்ல பொருளுதான்," என்றாள்.

நல்ல பொருள் என்றால் நம்மவர்கள் என்ன செய்வோம்? எடுத்துப் பத்திரப்படுத்துவோம். துடைத்து, காகிதம் திணித்து, பாச்சை உருண்டை போட்டு, பெட்டியோடு அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். ஒரு நல்ல நாளில், நல்ல ஆற்றில், முதல் முறையாகப் போட வேண்டும். அதுவரை ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளில் கரையோடு கரையாக, ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு மீன் பிடித்தேன். சேறும் சகதியும் உள்ள இடத்துக்கு முன்னூறு வெள்ளிச் சப்பாத்தா? வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மட்டும் பெட்டி கீழே இறங்கும். கம்புக்குப் பொட்டு வைத்த கையோடு பூட்ஸுக்கும் வைக்கப் போனேன். கமலம் தட்டிவிட்டாள். "சப்பாத்துக்குப் பொட்டா? தலையில வேணா வச்சுக்கங்க." பிறகு சமாதானமாகி, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தபோது பூட்ஸுக்கும் இரண்டு வைத்து நசுக்க அனுமதி கொடுத்தாள்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. இனி பயணம்.

காலை ஐந்தரைக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். என் கடை வேன், நான் ஓட்ட, முன் சீட்டில் செல்வா. பின்னால் கார்ப்பெட் சேம்பிள் கட்டுகளின் மேல் கமலம். அவள் வருவதாகத் திட்டமே இல்லை. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின் போது "சாட்சிக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். காலையில் பார்த்தால் பழைய கைலி, என் முழுக்கைச் சட்டை, காலில் அந்த நாலு வெள்ளி ரப்பர் சப்பாத்து.

"தங்கச்சி, ஆளைப் பார்த்தா மீன் பிடிக்க வாற மாதிரித் தெரியேல்லையே, மாணிக்கத்தைப் பிடிக்க வாற மாதிரியெல்லோ இருக்கு," என்றார் செல்வா. மாணிக்கம் நான்தான்.

"அவரு விழுந்தா அந்தக் கம்பு உங்களுக்குத்தான் வருது அண்ணே. நீங்க பொய்ச் சாட்சி சொல்லிடுவீங்களோன்னு பயமா இருக்கு."

"ஓம், நல்ல கம்பு. ஆசை இல்லை எண்டு சொல்ல மாட்டன்."

செராஸ் வழியாகக் காஜாங். விடுமுறை என்பதால் ரோட்டில் ஆளே இல்லை, வாசல்களில் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. காஜாங்கிலிருந்து செமினி டவுன் பத்துக் கிலோமீட்டருக்குள். அங்கே ஒரு மலாய்க்கார அக்கா கடை திறந்திருந்தது. நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் அறுபது காசு, தேநீர் ஐம்பது. இங்கேயே மதியத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், மேலே போனால் ஒன்றும் கிடைக்காது. அன்றைக்கு நாங்கள் ஒன்பது பொட்டலம் கட்டினோம். டவுனைத் தாண்டி உள்ளே திரும்பினால் முதலில் பால்மரத் தோட்டம், பிறகு கம்பம் என்கிற மலாய்க் கிராமம், பிறகு காடு. ஏழேகாலுக்கு வேனை ஒரு டுரியான் தோப்பு ஓரமாக நிறுத்தினோம். வீட்டிலிருந்து மீட்டரில் நாற்பத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து ஆற்றுக்குக் கால் மணி நேர நடை. அட்டை உண்டு. சாக்ஸில் புகையிலை நனைத்த தண்ணீரைத் தடவிக்கொள்ளுங்கள், உப்புப் பொட்டலத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஆறு அன்றைக்கு அப்படி ஒரு அழகு. அகலம் ஒரு பெரிய ரோடு அளவுதான் இருக்கும். தண்ணீர் கண்ணாடி. வெயில் இலை வழியாக இறங்கிக் கல்லில் காசு காசாகக் கிடந்தது. எதிர்க்கரையில் பாறைக்குக் கீழே ஒரு கரும்பச்சைக் குழி. "அதுக்குள்ளதான் செபாராவ் நிக்கும்," என்றார் செல்வா. செபாராவ் என்றால் வெள்ளிச் செதில், முதுகிலிருந்து இறங்கும் ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால். நம் ஆறுகளின் ரௌடி. அந்தக் குழிக்குப் பூச்சி போய்ச் சேர வேண்டுமானால் ஆற்றின் நடுவரை போய் நின்றாக வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி, தண்ணீரில் கால் வைத்தேன். அடடா! முட்டி அளவு தண்ணீர், பக்கவாட்டில் இழுக்கும் ஓட்டம், காலடியில் பாசிக் கல், நானோ தரையில் நிற்கிற மாதிரி நிற்கிறேன். முன்னூற்று இருபது வெள்ளியும் அந்த நிமிஷமே வசூல். கரையைத் திரும்பிப் பார்த்து, விழுந்தேனா பார் என்று கையை விரித்துக் காட்டினேன். பாறையில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த கமலம் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆற்றின் நடுவுக்குப் போய் நாலைந்து தடவை வீசியிருப்பேன். இடது காலில் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது. கயிறு அவிழ்ந்துவிட்டதோ என்று குனிவதற்குள் கரையிலிருந்து கமலத்தின் குரல்.

"என்னங்க, உங்க சப்பாத்து முன்னால போவுது!"

பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கால் வடிவத்தில், ஒரு ஃபெல்ட்டுத் துண்டு சின்னப் படகு மாதிரி மெதுவாக ஆடிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. வலது காலைத் தூக்கிப் பார்த்தால் அதில் குதியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரித் தொங்கியது. லேசாகத் தட்டியதும் அதுவும் அண்ணனைத் தேடிக் கிளம்பிவிட்டது.

இரண்டு வருஷம் அலமாரி மேல், ஓட்டுக்கு அடியில், வேகிற சூட்டிலும் புழுக்கத்திலும் சும்மா இருந்ததில் பசை செத்துப் பொடியாகிவிட்டது. இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? என் கடையில் ரப்பர் அடி வைத்த கார்ப்பெட் வாங்குகிறவர்களிடம் நான் தினம் சொல்கிற பேச்சு இது: "அக்கா, தீபாவளிக்கு விரிக்கிறேன்னு சுருட்டிக் கட்டி மேல போட்டுடாதீங்க. சும்மா வச்சா அடி பொடிப்பொடியா உதிர்ந்துடும். விரிச்சு மிதிங்க, அப்பதான் உழைக்கும்." ஊருக்கெல்லாம் சொன்னவன் என் சப்பாத்தைச் சுருட்டி மேலே போட்டிருக்கிறேன்.

ஃபெல்ட் போன பிறகு அடியில் மிச்சம் இருந்தது வழவழவென்ற தட்டை ரப்பர். பந்துச் சப்பாத்தே தேவலாம். முன்னால் ஒரு அடி வைத்துப் பார்த்தேன், கால் தானாகப் போனது. கம்பை ஊன்றித் தப்பித்தேன். அப்படியே சிலையாக நின்றுவிட்டேன். கரை இருபது அடி தள்ளி.

"மாணிக்கம், அசையாதையும்!" என்று கத்தினார் செல்வா. கொஞ்சம் கழித்து, "ஆனா அந்தக் கம்பை மட்டும் பத்திரமாப் பிடிச்சுக்கொள்ளும் காணும், அது இனி என்னோடது," என்றார். சிரிப்பில் அவருக்கே நிற்க முடியவில்லை.

எனக்கு வேறு வழி தோன்றியது. "கமலம்! உக்காந்து நகர்ந்து வந்தா விழுந்த கணக்கு இல்லயே?"

"பின்பக்கம் நனைஞ்சா விழுந்த மாதிரிதான்!"

"நானா உக்கார்ரதும் விழறதும் ஒண்ணா?"

"கடைக்கு வர்றவங்க கார்ப்பெட்ட நனைச்சுட்டு, அதுவா நனைஞ்சுதுன்னா நீங்க திருப்பி எடுத்துப்பீங்களா?"

எடுத்துக்கொள்ள மாட்டேன். என்னிடமிருந்து கற்ற பேரம் என்னிடமே திரும்பி வருகிறது.

கமலம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மேலே நடந்தாள். போனவள் போனவள்தான், வர நேரமாகிறது. நான் அரை மணி நேரம் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் வேனிலிருந்து திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கார்ப்பெட் சேம்பிளும் பேக்கிங் சணல் உருண்டையும் கத்தியும் இருந்தன. கல்யாண மண்டபத்தில் வாசலிலிருந்து மணவறை வரைக்கும் விரிப்பார்களே, மெல்லிசாக, அடியில் ரப்பர் இல்லாமல், பஞ்சை ஊசியால் குத்தி அமுக்கின சிவப்புக் கார்ப்பெட், அது. அந்த வருஷம் எங்கள் கடையில் அதிகம் ஓடிய சரக்கு.

"இதுவும் அந்த ஃபெல்ட்டு மாதிரிதான இருக்கு? தேய்ச்சுப் பாத்தேன்," என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. அதே சரக்குதான்! முன்னூற்று இருபது வெள்ளிக்கு லண்டனிலிருந்து வரவழைத்தது, அடி பத்துக் காசுக்கு என் வேனிலேயே கிடந்திருக்கிறது.

கமலம் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்வா ஆற்றில் ஊன்றக் கொண்டுவந்திருந்த கோலை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். செல்வா "தங்கச்சி, நான் போறன்" என்றார். அவள் கேட்டால்தானே. ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், ஒரு கால் ஊன்றின பிறகே மறு காலை எடுத்து வைத்து வந்தாள். (இதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். நேராக நடக்கக் கூடாது, காலைப் பின்னக் கூடாது.) வந்து சேர்ந்ததும், "தோளைப் பிடிச்சுக்கங்க," என்று குனிந்தாள். நான் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் அவள் தோள். ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிக் கொடுத்தேன். கார்ப்பெட்டை அடியில் மடித்துக் கொடுத்து, சணலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, பாய்க்கட்டுக்குப் போடும் அதே முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

"இப்ப வாங்க."

காலை வைத்தேன். நின்றது. அடுத்த காலை வைத்தேன். அதுவும் நின்றது. கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கரையை நோக்கி நகர்ந்தோம். சிவப்புக் கார்ப்பெட்டில் நான், பக்கத்தில் கைலியில் அவள்.

"ஓ, மாப்பிள்ளை பொம்பிளை வருகினம்! மேளத்தைக் கொட்டுங்கோ!" என்று செல்வா நாசி லெமாக் இலையை வைத்துக்கொண்டு நாதஸ்வரம் ஊதினார்.

அதில் கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவளின் ரப்பர் சப்பாத்து ஒரு கறுத்த பாசிக் கல்லில் பட்டது. ஒரே சறுக்கு. என் கையைப் பிடித்த பிடி விடாமல், தண்ணீர் இடுப்பு வரை ஏற, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அவள் எடை முழுக்க என் ஒரு கையில் தொங்கியது. ஓட்டம் வேறு அவளை இழுக்கிறது. போச்சு, நானும் போகப் போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

போகவில்லை. கால் இரண்டும் கல்லில் நட்டுவைத்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தால் கமலம் தண்ணீரில் உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"நிக்கிறீங்களே!"

"நிக்கிறேன்."

கையை ஒரு தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள், அன்றைக்குக் குளியலறையில் தள்ளிப் பார்த்த மாதிரியே. நான் அசையவில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"சரி," என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று மேலே சொல்லியிருக்கிறேன். செல்வாவுக்கும் தெரியும். "என்ர கம்பு போச்சே," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் அவளைத் தூக்கிவிட்டேன். கரையில் உட்கார்ந்து, வேனில் இருந்த கோணி ஊசியால் கார்ப்பெட்டைப் பூட்ஸின் ஓரத்தோடு சேர்த்துத் தைத்தேன். பசை போடாமல் தைத்ததால் அது அந்த வருஷம் முழுக்க உழைத்தது. பத்து மணிக்குத் திரும்ப நடு ஆற்றில் நின்றேன். மூன்றாவது வீச்சில் குழிக்குள்ளிருந்து ஒரு செபாராவ் வந்து பூச்சியைப் பறித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடியது. ரீல் கத்துகிறது. அதன் பின்னால் நான் போகாவிட்டால் கயிறு அறுந்துவிடும், போக வேண்டுமானால் அந்தக் கறுத்த பாசிக் கல் வரிசையைத் தாண்ட வேண்டும். பழக்கதோஷத்தில் கரையைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? மீனைப் பாருங்க! போங்க, போங்க!"

போனேன். முழங்கை நீளம் இருந்தது. கையால் பிடித்து, எல்லோருக்கும் காட்டி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். கமலம் மட்டும் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டுப் புடிச்சதைத் திருப்பி விடறதுக்கா ரெண்டு வருஷம் பாச்சை உருண்டை போட்டு வச்சீங்க?" வீடு வந்து சேர மாலை நாலரை ஆனது. இடுப்பு வரை நனைந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது கேள்வி கேட்ட தம்பிக்கு. பாசிக் கல் ஆற்றுக்கு ஃபெல்ட் அடிதான், சேற்றுக் கரைக்கு நாலு வெள்ளி ரப்பர். (இன்று நாலு வெள்ளிக்குக் கிடைக்காது, ஆனாலும் மலிவுதான்.) இரண்டு விதமும் உள்ள இடமென்றால் நடக்க ஒன்று, நிற்க ஒன்று என்று இரண்டையும் கொண்டுபோங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிசாக வாங்குங்கள். கணுக்காலை மூட வேண்டும், தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். உள்ளே மெத்து மெத்தென்று பஞ்சு வைத்திருந்தால் வாங்காதீர்கள், நனைந்தால் கால் கல்லாகிவிடும். அடிப்பாகம் ஒட்டியதா தைத்ததா என்று விரல் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஃபெல்ட் ஈரத்தோடு ஆற்றுப் பாசியையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு ஆற்றில் இறங்கியதை நன்றாகக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த ஆற்றில் இறக்குங்கள். கார் பின்பெட்டிச் சூட்டில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பால் தேநீர், அதாவது தே தாரிக், நிறத்துக்கு மாறினால் மேலே மழை என்று பொருள். மீன் மாட்டியிருந்தாலும் கயிற்றை அறுத்துவிட்டுக் கரையேறுங்கள். தனியாகப் போகாதீர்கள். முடிந்தால் உங்களைவிட நன்றாகப் பேரம் பேசுகிற ஒருவரோடு போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வாங்கின அன்றைக்கே நனையுங்கள். நாள் பார்க்காதீர்கள்.

அன்று வீட்டு வாசலில் என் பூட்ஸைக் கழற்றி வைத்தபோது, பக்கத்தில் கமலம் தன் ரப்பர் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். உள்ளே போகும்போது மிச்சமிருந்த சிவப்புக் கார்ப்பெட்டை என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு அஞ்சாம் நம்பர். ரெண்டு மடிப்பா வச்சுத் தைங்க."